ஒன்பதாவது வரிசை ஆவி

"ஒன்பதாவது வரிசை, பதினோராவது நாற்காலி. அந்தப் பக்கம் மட்டும் யாரும் போகாதீங்க" என்றேன்.

டார்ச்சையும் அங்கே அடிக்கவில்லை. வெளிச்சம் ஆவிக்கு ஆகாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பிஷ்கெக்கிலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகள் எட்டுப் பேரும் ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் சோல்பான் தியேட்டரைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. அதற்கு முன்னால் முப்பது வருடம் இதே வாசலில் டிக்கெட் கிழித்தேன்.

தானியக் கிடங்காக இருந்தது, ஐம்பத்தி நான்கில் நாற்காலி போட்டார்கள் என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதனால் நேரே ஜரில்பெக்கிடம் வந்துவிடுவேன்.

ஜரில்பெக் எங்கள் ஆபரேட்டர். எழுபத்தொன்பது ஜூலையில் படப்பெட்டியைக் குதிரைமேல் ஏற்றிக்கொண்டு, கணவாய் தாண்டி, ஆடு மேய்க்கிறவர்களுக்குப் படம் காட்டப் போனார்.

பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, தந்தி வந்தது. மேனேஜர் மூசா அண்ணன் அதைப் படித்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டே வார்த்தை. ஜரில்பெக் போய்விட்டார்.

மழையில் போன் லைன் அறுந்து கிடந்தது. யாரிடம் போய்க் கேட்பது?

எனக்கு அப்போது இருபது வயது. வருகிற ஞாயிற்றுக்கிழமை என் காதில் தோடு போட லாரி டிரைவர் தெமிர்குல் வீட்டார் வருவதாக இருந்தது. தோடு ஏறிவிட்டால் கல்யாணப் பேச்சு முடிந்த மாதிரி. எனக்கும் ஜரில்பெக்குக்கும் இருந்த பிரியம் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. ஊரே ஒரு மூச்சு அழுதது. நான் அழவில்லை. ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்று பயம்.

மறுநாள் மேட்னி, ஏற்கெனவே பல தடவை ஓடிய இந்திப் படம். இந்திப் படம் என்றால் எங்கள் ஊர்ப் பெண்கள் ஆளுக்கு இரண்டு கைக்குட்டை கொண்டு வருவார்கள். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக அழுதுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? ஒரு ராத்திரியும் ஒரு பகலும் அழுகையைத் தொண்டையிலேயே வைத்திருந்தேன்.

மேனேஜர் வீட்டில் அன்றைக்கு எண்ணெய்ச் சட்டி வைத்து, செத்தவருக்கு வாசனை போய்ச் சேரட்டும் என்று ஒரு தாம்பாளம் நிறையப் போர்சோக் பணியாரம் பொரித்து அனுப்பியிருந்தார்கள். அது கதவோரம் என் பக்கத்தில் இருந்தது. மெஷினை மேனேஜரே ஓட்டினார்.

படத்தில் அம்மா செத்துப்போனாள். ஹால் முழுக்க மூக்குச் சிந்தும் சத்தம். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் கோமாளி வேலைக்காரன் தயிர்ப்பானைக்குள் தலைகுப்புற விழுந்தான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் கட்டம் வரும்போதெல்லாம் ஆபரேட்டர் ரூமிலிருந்து ஜரில்பெக்கின் சிரிப்பும் கேட்கும். அன்றைக்கு அது கேட்கவில்லை.

"ஐயோ, என் ஜரில்பெக்கே" என்று கதறிவிட்டேன்.

முந்நூறு தலையும் திரும்பியது. தெமிர்குலின் அத்தை எழுந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். தோடும் போச்சு, மானமும் போச்சு.

"அந்த நேரம் பார்த்து" என்று பிள்ளைகளிடம் குரலைத் தாழ்த்தினேன், "இந்தக் கதவு திறந்துச்சு. தலையிலருந்து கால்வரைக்கும் வெள்ளவெளேர்னு ஜரில்பெக் நின்னாரு. ஊரே பக்கத்துக் கதவைப் பிச்சுக்கிட்டு ஓடிச்சு. அவரு மெதுவா நடந்துபோயி அந்த நாற்காலியில உக்காந்தாரு."

எல்சாத் என்ற பெண்ணுக்கு மட்டும் கொஞ்சம் தைரியம். "நீங்க ஓடலியாம்மா?" என்றாள்.

"நான் எதுக்கு ஓடணும்? அவரு வந்தாரே, அது போதாதா."

நாற்பத்தைந்து வருடமாகச் சொல்கிறேன்.

அப்போது ஒன்பதாவது வரிசை இருட்டிலிருந்து நீளமாக ஒரு உறுமல் வந்தது.

பிள்ளைகள் கூப்பாடு போட்டுக்கொண்டு வெயிலுக்கு ஓடினார்கள். வெளியே போய், "நீதாண்டா முதல்ல ஓடின" என்று ஒருவரையொருவர் அடித்துச் சிரிப்பது கேட்டது. வாராவாரம் இதே கூத்துதான்.

மிச்சக் கதையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

வெள்ளை என்பது மாவு. வழியில் அவரைப் பார்த்து லாரியில் மாவு மூட்டைகள்மேல் ஏற்றிக்கொண்டு வந்தது தெமிர்குல்தான், பாவம். ஆள் மலையிலிருந்து ஊருக்குப் புறப்பட்டுப் போய்விட்டார் என்று சொல்லத்தான் அங்கிருந்து தந்தி அடித்திருக்கிறார்கள். எங்கள் பேச்சில் ஊருக்குப் போவதற்கும் உயிர் போவதற்கும் ஒரே வார்த்தை.

காலியான ஹாலில் தாம்பாளத்தை அவர் முன்னால் நீட்டினேன். ஆவியாக இருந்தால் சாப்பிடாது. அவர் மளமளவென்று பன்னிரண்டு தின்றுவிட்டு, "யாருக்குப் பொரிச்சது?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை தோடு வந்தது. கொண்டு வந்தவர்கள்தான் வேறு வீட்டார்.

பிள்ளைகள் சத்தம் அடங்கியதும், இன்று காலையில் பொரித்த போர்சோக்கைத் தட்டில் எடுத்துக்கொண்டு ஒன்பதாவது வரிசைக்குப் போனேன். குறட்டை நிற்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"எந்திரிங்க. எல்லாரும் போயிட்டாங்க."

அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"எந்தப் போயிட்டாங்க?"