ஆறு வாசல் வளை

வரப்புக்குள் இருந்த அந்த எலி வளைக்கு ஆறு வாசல்கள். பொட்டு என்ற எலி தினமும் ஒரு வாசலில் நெற்கதிர் கொண்டுவந்து கொடுக்கும். காலொடிந்த தங்கை மின்னி உள்ளேயிருந்து வாங்கிக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஏதாவது ஒரு வாசலுக்குத்தான் அதனால் நகர்ந்து வர முடியும்.

முதலில் ஒன்று, இரண்டு என்று வரிசையாகவே போயின. நாலு நாள் கவனித்த சாரைப்பாம்பு, ஐந்தாம் நாள் ஐந்தாம் வாசலில் காத்திருந்தது. பொட்டு வால் நுனியைப் பறிகொடுத்து உயிர் தப்பியது.

அதன்பின் ஒன்று, மூன்று, இரண்டு, ஆறு, நான்கு, ஐந்து என்று தாவிப்போகும் வரிசையை இரண்டும் மனப்பாடம் செய்துகொண்டன. பாம்பு ஏமாந்து திரிந்தது.

ஒரு நாள் கன்னி என்ற எலி, பார்வையில்லாத தன் அம்மாவோடு அடைக்கலம் கேட்டு வந்தது.

“உள்ளே இருக்கிற அம்மாவுக்கு நானும் கதிர் கொண்டுவரணும். உங்க வரிசையிலேயே ஒரு நாள் பிந்தி வரட்டுமாக்கா?”

“வேண்டாம்மா. ஒண்ணைப் பாம்பு கண்டுபிடிச்சா ரெண்டு குடும்பமும் போயிடும். உனக்கு வேற வரிசை போடறேன்” என்றது பொட்டு.

மற்ற நாட்களில் மின்னியும் கன்னியின் அம்மாவும் வெவ்வேறு வாசலில் தனியே காத்திருந்தாலும், அவசரமாகப் போட்டதில் சுற்றுக்கு ஒரு நாள் இரண்டு வரிசையும் ஒரே வாசலில் முட்டின.

அந்த நாளும் வந்தது. “நீ முதல்ல குடு, அம்மா பசியோட இருப்பாங்க” என்று பொட்டு ஒதுங்கி நின்று காவல் காத்தது. பிறகு தங்கையிடம் கதிரை நீட்டியது.

“காக்க வெச்சுட்டேன் மின்னி. அடுத்த சுற்றுக்குள்ள இதைச் சரிபண்ணிடறேன்.”

உள்ளே கன்னியின் அம்மா தோளில் மின்னி சாய்ந்திருந்தது.

“சரிபண்ணாதேக்கா” என்றது. “இன்னிக்குத்தான் எனக்குப் பேச ஆள் கிடைச்சது.”