காதை மூடின முடி

"இந்த மண்டையப் பாருங்க மேடம்! காக்கா வந்து முட்டை போட்டுட்டுப் போயிடும்!"

ஒன்பதாங்கிளாஸ் பையனைக் காலரோட இழுத்துட்டு வந்து எச்.எம். முன்னாடி நிறுத்தினாரு பி.டி. மாஸ்டர்.

பசங்க அவருக்கு வெச்ச பேரு 'கத்திரி'. போன வருஷம் வரைக்கும் கேட்ல கத்திரியோடதான் நிப்பாரு. காதை முடி தொட்டுச்சோ, நறுக்!

புதுசா வந்த எச்.எம். ப்ரேயர்லயே சொல்லிட்டாங்க: "எந்தப் பையன் மேலயாவது கத்திரி பட்டுச்சுன்னு தெரிஞ்சா, வாத்தியாருக்கு வேலை கிடையாது." அன்னிலேர்ந்து கத்திரி டிராயர்ல தூங்குது. மாஸ்டருக்குத்தான் தூக்கம் இல்ல.

"எத்தனை தடவ சொன்னாலும் வெட்ட மாட்டேங்கிறான் மேடம். ஓட்டத்துல நம்ம ஸ்கூலுக்கே முதல் ஆளு. இப்ப கிரவுண்டு பக்கமே வர்றதில்ல. ஓடினா முடி கலைஞ்சிடுமாம் துரைக்கு!"

பையன் தரையையே பாத்தான். ஒரு கை இடது காது மேலயே இருந்துச்சு.

"நாளைக்கு வெட்டாம வந்தா டி.சி.தான்டா" எச்.எம். அதட்டினாங்க.

பையன் காதை இன்னும் அழுத்திப் பொத்திக்கிட்டான்.

"திமிரைப் பாத்தீங்களா? கைய எடுடா!" மாஸ்டரே கையத் தட்டிவிட்டு முடியத் தூக்கினாரு.

காதோட மேல் விளிம்புல ஒரு துண்டக் காணோம்.

மாஸ்டர் கை அப்படியே நின்னுடுச்சு. போன வருஷம், கேட்ல, இதே காது. பையன் துள்ளினான். "சும்மா கீறல்டா, சீன் போடாத"ன்னு கர்சீப்பைக் குடுத்துட்டுச் சிரிச்சது யாரு?

"என்னடா இது?" எச்.எம். எழுந்தே வந்துட்டாங்க.

"சைக்கிள்ல விழுந்துட்டேன் மேடம்."

"விழுந்தா இப்படி வெட்டின மாதிரியா போகும்? இங்க யாராவது...?"

சொல்லிடணும்னு மாஸ்டர் வாயத் தொறந்தாரு. வீட்டு ஞாபகம் வந்துச்சு. இருமினாரு.

"சைக்கிள்தான் மேடம்" பையனே முந்திக்கிட்டான்.

"சரி, போ. மாஸ்டர், நீங்க அவனை ஒண்ணும் சொல்லாதீங்க. பாவம்."

வராந்தாவுல ரெண்டு பேரும் நடந்தாங்க. மாஸ்டருக்குப் பையன் முகத்தைப் பாக்கத் தைரியம் வரல.

பையன்தான் நின்னான். மெதுவாக் கேட்டான்:

"நாளைக்கே முடிய வெட்டிக்கிறேன் சார். ஆனா, காது வெளிய தெரிஞ்சா... உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"