அறுநூறு கிராம்

அந்தப் பார்சல் ஆபீசில் எடை போடுகிறவருக்கு ஈவு இரக்கமே கிடையாது என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

ஒரு பார்சல் இருபது கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு கிராம் கூடினாலும் திருப்பித் தள்ளிவிடுவார். சொந்த மைத்துனர் கொண்டுவந்த பெட்டி நாற்பது கிராம் கூட இருந்ததற்கு, அதைப் பிரிக்கச் சொல்லி ஒரு ஜோடி சாக்ஸை வெளியே எடுக்க வைத்தார்.

அன்றிலிருந்து அவர் பெயர் 'கிராம்'. மைத்துனர் இன்னும் அவரோடு பேசுவதில்லை.

விலாசம் பார்த்துப் பிரிக்கிறவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. 'தொண்ணூத்தேழு'.

ஏழு மாதத்துக்கு முன்னால் அவர் நூற்று முப்பத்தொரு கிலோ. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். இவர் ஆபரேஷன் செய்து வயிற்றைச் சின்னதாக்கியே கொண்டார். முழங்கால் இரண்டும் மக்கர் பண்ணியதால் வேறு வழியில்லை. தொண்ணூறுக்குக் கீழே வந்தால்தான் கால் பிழைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எடை மளமளவென்று இறங்கியது. தொண்ணூற்றேழில் வந்து நின்றது. ஐந்து வாரமாக அசையவில்லை.

இப்படி நடுவில் நிற்பது சகஜம், பொறுமையாக இருங்கள் என்றார் டாக்டர். பொறுமையாக இருக்கலாம். பசி அல்லவா திரும்பி வந்துவிட்டது. வயிற்றைத்தான் வெட்டினார்கள், ஆசையை வெட்டவில்லை. ஒரு முட்டையை அரை மணி நேரம் மென்று தின்கிற மனுஷர், பக்கத்து மேஜையில் யாராவது டப்பாவைத் திறந்தால் விலாசத்தை மாற்றிப் படிப்பார்.

வீட்டு எடை மெஷினை அவர் நம்புவதில்லை. அறைக்கு அறை ஒரு எடை காட்டும். ஆபீஸ் மெஷின் அப்படியல்ல. தினமும் காலையில் இரும்புக் கல்லை வைத்துச் சரிபார்த்த பிறகுதான் கிராம் அதைத் தொட விடுவார். அதனால் வேலை தொடங்குவதற்கு முன் தொண்ணூத்தேழு செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நிற்பார். ஆபீசில் இருக்கிற ஏழு பேர் காதிலும் விழுகிற மாதிரி கிராம் படிப்பார்.

"தொண்ணூத்தேழு."

முத்திரை குத்துகிற அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, அவர் இறங்கிப் போனதும் கேட்டே விட்டாள்.

"ஏண்ணே, ஒரு அரைக் கிலோ குறைச்சுச் சொன்னா யார் குடி முழுகிடப் போகுது?"

"மெஷின் என்ன காட்டுதோ அதைத்தான் நான் சொல்வேன்."

"நீங்கல்லாம் மனுஷனா?"

கிராம் ஒரு காலிக் கூடையை மெஷினில் வைத்து ஜீரோ பட்டனை அழுத்தினார். அது அவர் வழக்கம். உதிரிச் சாமானைக் கூடையில் போட்டு நிறுக்கும்போது கூடையின் எடை சேரக் கூடாது. வேலை முடிந்து கூடையை இறக்கினால் காலி மெஷின் மைனஸ் காட்டும். உடனே மறுபடியும் ஜீரோ அழுத்துவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள் மறந்ததில்லை.

அன்று சாயங்காலம் எல்லாரும் கிளம்புகிற நேரத்தில் தொண்ணூத்தேழு அக்காவிடம் சொன்னார். பக்கத்தில் கிராம் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமையும் இதே நம்பர்னா விட்டுடப் போறேன்க்கா. நடையும் வேணாம், டாக்டரும் வேணாம். முன்ன மாதிரியே தின்னுட்டுப் போறேன். என் உடம்பு இவ்வளவுதான்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மேஜை டிராயரில் இரண்டு க்ரீம் பன் பாக்கெட்டைத் தயாராக வாங்கி வைத்துவிட்டார்.

அக்கா கிராமை முறைத்தாள். கிராம் ஊசியில் நூல் கோத்தார்.

திங்கட்கிழமை காலை தொண்ணூத்தேழு மெஷினில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார். ஞாயிறு மத்தியானம் டீயில் நனைத்து நனைத்து அரை பாக்கெட் பிஸ்கட்டை உள்ளே தள்ளியது அவருக்குத்தான் தெரியும். நனைத்தால் சின்ன வயிறும் வழி விட்டுவிடுகிறது.

"தொண்ணூத்தாறு கிலோ நானூறு கிராம்" என்றார் கிராம், சீட்டைப் படிக்கிற குரலில்.

"சரியாப் பாருங்கண்ணே."

"நான் என்னைக்குத் தப்பாப் பார்த்தேன்?"

அதற்கு மேல் கேட்க ஆளில்லை. கிராம் சொன்னால் சொன்னதுதான், மைத்துனரே சாட்சி.

தொண்ணூத்தேழு வெறுங்காலோடு தன் இடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். டிராயரைத் திறந்து இரண்டு பாக்கெட்டையும் எடுத்து அக்காவிடம் கொடுத்தார். வேலை தொடங்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அதற்குள் எதிரே இருக்கிற மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம் என்றார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். 'தொண்ணூத்தேழு' என்கிற பேரை இனி மாற்ற வேண்டும், இரக்கமே இல்லாத ஆள் வாயால் நல்ல வார்த்தை வந்துவிட்டது என்றாள்.

வாசல் வரை போன பிறகுதான் செருப்பு மெஷின் பக்கத்திலேயே கிடப்பது ஞாபகம் வந்தது.

திரும்பி வந்தார். கிராம் முதுகைக் காட்டிக்கொண்டு, கொக்கியில் சாக்கை மாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய சாப்பாட்டு டப்பா, எப்போதும் மேஜைக்கு அடியில் இருப்பது, இன்று மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. வாசலில் முதல் ஆள் பார்சலோடு நுழைந்துகொண்டிருந்தார்.

தொண்ணூத்தேழு செருப்பை மாட்டக் குனிந்தவர், நிமிரும்போது மெஷினைப் பார்த்தார்.

மேலே ஒன்றுமே இல்லாத மெஷின், மைனஸ் அறுநூறு கிராம் காட்டிக்கொண்டிருந்தது.

யாரும் பார்ப்பதற்குள் சத்தமில்லாமல் ஜீரோ பட்டனை அழுத்திவிட்டு, நடக்கக் கிளம்பினார்.