கிட்டவா, எட்டவா

அலாஸ்காவின் மதிய வெயிலில் ஒரு துப்பாக்கிக்கான இரண்டு மாற்றுக் குழல்கள் மேசைமேல் மின்னுகின்றன. சுட்டதும் அடுத்த தோட்டாவை ஏற்றும் பிஸ்டனைத் தள்ளுகிற வாயுவுக்கான துளை, ஒன்றில் தோட்டா அறைக்குக் கிட்டத்தில், மற்றதில் எட்டத்தில். "கிட்ட இருக்கறதப் போட்டா உதைச்சே உள்ள இருக்கறதெல்லாம் உடைச்சிரும்," என்கிறான் டுவைட், எண்ணெய்க் கையைத் துடைத்தபடி. "எட்டன்னா மெத்துனு இருக்கும். ஆனா இந்தக் குளிர்ல அடுத்த தோட்டா ஏறலன்னா?" "கரடிகிட்ட கொஞ்சம் பொறுத்துக்கன்னு சொல்லு," என்று சிரிக்கிறாள் அவன் மனைவி லோர்னா. சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. மீன் காயப்போட்ட கொட்டகைக் கதவில் நேற்று பார்த்த நகக்கீறல் அவள் தலைக்கும் மேலே இருந்தது. "ஏதோ ஒண்ண மாட்டித் தொலை, டுவைட்." வெளியே காலையிலிருந்து குரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று அடங்குகிறது. இருவரும் கதவையே பார்க்கிறார்கள். வீட்டிலிருக்கும் ஒரே துப்பாக்கி மேசைமேல் பதினேழு துண்டுகளாகக் கிடக்கிறது.