ராத்தா தலை சாய்த்த இடம்

எண்ணெய்க் கறைமேல் தண்ணீர்ப் பெயின்ட் நிற்காது. கறை மேலே வந்துவிடும். என் கூடப்பிறந்த ராத்தா எண்ணெய்த் தலையைச் சுவரில் சாய்த்துச் சாய்த்துக் கறுத்த இடம் மூன்று பூச்சுக்கும் மேலே வந்தது. அவள் மௌத்தாகி அடக்கிய பிறகு, அவளுடைய மாப்பிள்ளை, என் மச்சான், என்னைக் கல்யாணம் முடித்தார். வீடும் அவளுடையதுதான்.

பெயின்ட் அடித்த இஸ்ஹாக் காக்கா கறைமேல் வார்னிஷ் பூசினார். "இனி இதால வராது, தங்கச்சி."

"அடைச்சா எண்ணெய் எங்க போகும்?"

"வேற வழி பார்க்கும். உங்களுக்குச் சுவர் வடிவா இருந்தாச் சரிதானே!"

சுவர் வெள்ளையாகக் காய்ந்தது. பெயின்ட் படாமலிருக்கச் சன்னல் ஓரத்தில் ஒட்டிய டேப்பைச் சரித்து உரித்தேன். நேரே இழுத்தால் பெயின்டும் வந்துவிடும். தரைத் துளிகளையும் சுரண்டினேன். இனி அவள் இங்கே இல்லை.

அசர் தொழப் பள்ளிவாசலுக்குப் போன மச்சான் திரும்பினார். நான் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. காலையில் நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சேர்ட்டின் இடது தோளில், ஒரு தலையளவுக்கு எண்ணெய் ஊறியிருந்தது.