சத்தமாச் சொல்லுங்க

அப்பாவின் வேட்டைத் துப்பாக்கியை வீட்டுக்கே கொண்டுவந்து தந்தால் போதாதா என்று கர்ட் போனில் கேட்டான். அக்கா ரோண்டா ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"நான் மொன்டானா, நீ வடக்கு டகோட்டா. மாநிலம் விட்டு மாநிலம் கைக்குக் கை குடுக்கக் கூடாது. உங்க ஊர்ல உரிமம் உள்ள கடை வழியாத்தான் வரணும். உன்னைப் பத்தி விசாரிச்சு, சரின்னு வந்தாத்தான் உன் கைக்கு வரும்."

"அப்பா எனக்குன்னு உயில்லயே எழுதி வச்சுட்டுப் போனது. அதுக்கு விசாரணையா? நீ கூடவா ரோண்டா?"

"சட்டம்னா சட்டம். சனிக்கிழமை காலைல லைல் கடைக்கு வந்துடு."

சனிக்கிழமை மட்டும் வேண்டாமே என்று கர்ட் கெஞ்சிப் பார்த்தான். மான் வேட்டை தொடங்கப்போகிற வாரம், ஊரே அந்தக் கடையில்தான் இருக்கும். தனக்கு வேறு நாளில் லீவு கிடையாது என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

கர்ட் கெஞ்சியதற்குக் காரணம் இருந்தது. சில வருஷத்துக்கு முன் சந்தைத் தொழுவத்தில் கன்றுகள் காணாமல் போனபோது, அவனைத்தான் விலங்கு மாட்டி அழைத்துப் போனார்கள். அதை எங்கள் ஊரே நின்று பார்த்தது. அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் நேரமில்லை. திரும்பி வந்தவனுக்கு 'ஜெயிலுக்குப் போனவன்' என்று பெயர் நிலைத்துவிட்டது. அதிலிருந்து வேட்டைக்குப் போகிற எந்த வண்டியிலும் அவனுக்கு இடமில்லை. மாட்டுப் பண்ணைகளில் வேலையும் இல்லை.

லைல் கடையில் ஒரு காபி மேசை உண்டு. துப்பாக்கி வாங்க வருகிறவர்களைவிட அங்கே ஊர்க்கதை பேச வருகிறவர்களே அதிகம். ஹார்லன்தான் அதற்குத் தலைவர். பெரிய பண்ணைக்காரர், அதைவிடப் பெரிய வாய்.

ரோண்டா துப்பாக்கிப் பையோடு உள்ளே வந்ததும் மேசை அடங்கியது. பின்னாலேயே கர்ட் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"இதை என் தம்பி பேருக்கு மாத்தணும். முறைப்படி விசாரிச்சுட்டுக் குடுங்க."

லைல் துப்பாக்கியைத் தன் பதிவில் ஏற்றிக்கொண்டு, கர்ட்டிடம் படிவத்தைக் கொடுத்தார். கர்ட் எழுதத் தொடங்கினான். ரோண்டா சும்மா இருக்கவில்லை.

"தண்டனை ஆகியிருக்கான்னு ஒரு கேள்வி இருக்கும். நல்லாப் படிச்சுட்டு எழுது. பொய் எழுதினா அதுவே தனிக் குற்றம்."

கர்ட்டின் காது மடல் சிவந்துவிட்டது. கூடப் பிறந்தவளே இப்படி நாலு பேர் நடுவில் மானத்தை வாங்குவாளா என்று மேசையில் இருந்தவர்களுக்கே சங்கடமாகப் போனது. ஹார்லன் மட்டும் வாயருகே கொண்டுபோன டோனட்டைக் கடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

லைல் நல்ல மனிதர். போனைக் கையில் எடுத்துக்கொண்டு, "உள் அறையில போய்ப் பேசிட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

"எதுக்கு? இங்கயே பேசுங்க. எனக்குக் காது கொஞ்சம் மந்தம். பதில் வந்ததும் சத்தமாச் சொல்லுங்க."

லைல் மத்திய அரசின் விசாரணைப் பிரிவைப் போனில் பிடித்து, விவரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். கடையில் காபி இயந்திரம் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. கர்ட் சுவரில் மாட்டியிருந்த மான் தலையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

லைல் போனை வைத்தார்.

"என்ன சொன்னாங்க? கேக்கலை," என்றாள் ரோண்டா.

"தடை ஒண்ணும் இல்லை, குடுக்கலாம்னு சொல்லிட்டாங்க," என்றார் லைல், கடை முழுக்கக் கேட்கும்படி.

ஹார்லன் டோனட்டைத் தட்டில் வைத்தார். "அது எப்படி? அந்த மாதிரிக் கேஸ்ல தண்டனை ஆனவனுக்குத் துப்பாக்கி கிடைக்காதே."

"தண்டனை ஆனாத்தானே?" என்றான் கர்ட். "கன்னுக்குட்டிங்களை ஓட்டிட்டுப் போனது வேற ஆளு. அவனே ஒத்துக்கிட்டான். என் மேல போட்ட கேஸை ஜட்ஜ் தள்ளிட்டாரு. வந்த அன்னைக்கே சொன்னேன், யாரு காதுல வாங்குனீங்க?"

ஊரின் பேச்சை நம்பினவர்களுக்கு, வாஷிங்டன் பேச்சை நம்பாமல் இருக்க வழியில்லை. ஹார்லன் எழுந்து, பக்கத்து நாற்காலியில் கிடந்த தன் கோட்டை எடுத்தார்.

"உக்காருப்பா. காபி குடி." ஒரு கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினார். "வர்ற வெள்ளிக்கிழமை வேட்டைக்கு என் வண்டியில ஒரு இடம் இருக்கு. வர்றியா?"

கர்ட் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அப்பா தனக்கென்று உயிலில் எழுதிவைத்த துப்பாக்கி இது என்று லைலிடம் சொன்னான்.

ரோண்டா யாரிடமும் விடைபெறாமல் வெளியே போய் வண்டியைக் கிளப்பினாள். லைல் பின்னாலேயே போய் அவள் ஜன்னலருகே குனிந்தார். காற்று நன்றாகவே வீசிக்கொண்டிருந்தது. என்ஜின் வேறு உறுமியது. மற்றவர் காதில் விழக்கூடாது என்று அவர் மிகவும் தாழ்ந்த குரலில்தான் கேட்டார்.

"ஏம்மா, உங்கப்பா உயில்ல எழுதினதாமே, கர்ட் இப்பத்தான் சொன்னான். உயில் வழியா வர்றதுக்குக் கடையும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம். மாநிலம் தாண்டினாலும் நேரா அவன் கையில குடுத்திருக்கலாமே. உனக்குத் தெரியாதா?"

காது மந்தமான ரோண்டா ஒரு சொல்லைக்கூடத் தவறவிடவில்லை. கடைக் கண்ணாடி வழியே, காபி மேசையில் உட்கார்ந்திருந்த தம்பியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"தெரியும் லைல். வீட்டுல வச்சுக் குடுத்திருந்தா அவனுக்குத் துப்பாக்கி மட்டும்தானே கிடைச்சிருக்கும்?"