ஒரே பெஞ்சு

“பக்கத்துத் தெரு கவர்மென்ட் ஸ்கூல்ல பாப்பாவ சேத்தா இன்னாங்க? பீஸே கிடையாது” என்றபடி மிளகுக் கஷாயத்தை நீட்டினாள் அம்சவேணி.

“அங்க வெறும் தமிழுதான் வரும். அத்த வெச்சிக்கினு இன்னா பண்றது?” சம்பத்துக்குத் தொண்டை கட்டியிருந்தது.

“திருப்பதியில அந்தப் பெரிய பிரைவேட் ஸ்கூலு?”

“அவங்க கேக்கற பீஸுக்கு நெலத்தத்தான் விக்கணும். கான்வென்ட்டுதான் சரி. பீஸும் கம்மி, இங்கிலீஷும் வரும்.”

“அங்க ஏசு சாமியக் கும்பிடச் சொல்வாங்களாமே?”

“கும்பிடட்டும். வீட்டுக்கு வந்து முருகனையும் கும்பிட்டுக்கும். நீ இத யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத.”

மறுநாள் காலை மகளோடு கான்வென்ட்டின் பின்வாசல் வழியாக நுழைந்தான் சம்பத். மதரின் அறைக்கு வெளியே ஒரே ஒரு பெஞ்சு. அதில் மகனோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் திடுக்கிட்டான்.

சுப்பராமையா!

முந்தின நாள் மாலைதான், சித்தூர் கடைத்தெருவின் ஒரு மூலையில் மேடையேறி, “சித்தூரைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்! எங்கள் பிள்ளைகள் தமிழில்தான் படிப்பார்கள்!” என்று சம்பத் முழங்கியிருந்தான். எதிர்மூலை மேடையில், “சித்தூர் ஆந்திராவுக்கே! எங்கள் பிள்ளைகள் தெலுங்கில்தான் படிப்பார்கள்!” என்று சுப்பராமையா தெலுங்கில் முழங்கியிருந்தார்.

சம்பத் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தான். பிள்ளைகள் இருவரும் நடுவில் உட்கார்ந்து பேசத் தொடங்கிவிட்டார்கள்.

கதவைத் திறந்த மதர் கேட்டார்: “நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்சவங்களா?”

கட்டிய தொண்டையோடு இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள்:

“நோ, மதர்!”